பான் போங் வரை ஒரு ராத்திரி

பாடாங் பெசார் ஸ்டேஷனுக்கு ஒரு விசேஷம் உண்டு. மலேசியாவை விட்டுக் கிளம்புகிற முத்திரையும் தாய்லாந்துக்குள் நுழைகிற முத்திரையும் ஒரே கட்டடத்தில், கூப்பிடு தூரத்தில் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் மணி மூன்று என்றால் அந்தப் பக்கம் இரண்டு. தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால் ஓடுகிறது. ஆக, எல்லை தாண்டுகிற எல்லாருக்கும் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. திரும்பி வரும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம் :-)

மலாயா ரயில் பாதையும் சயாம் ரயில் பாதையும் இங்கே ஒன்று சேர்ந்தது 1918-இல். இரண்டு பக்கமும் தண்டவாள அகலம் ஒரு மீட்டர்தான். அதனால் பெட்டியை மாற்றாமலே வண்டி நேராகப் போகலாம். பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக்குக்கு நேரடி ரயில் ரொம்ப காலம் ஓடியது. 2016-க்குப் பிறகு அது பாடாங் பெசாரோடு நின்றுகொண்டது. கோலாலம்பூர்க்காரர்கள் மின்சார ரயிலில் அதுவரை போய், இறங்கி, முத்திரை குத்திக்கொண்டு, தாய்லாந்து வண்டிக்கு மாற வேண்டும். அங்கிருந்து பேங்காக் போகும் ராத்திரி வண்டியில் படுக்கைப் பெட்டிகள் ஒன்றிரண்டுதான் இருக்கும். மீதியை ஹாட்யாயில் மாட்டுவார்கள். நீண்ட விடுமுறை வந்தால் இந்த ஒன்றிரண்டு பெட்டிக்கு அடிதடிதான்.

2025 செப்டம்பரில் மலேசிய தினத்துக்கு முந்தின நாளும் லீவு விட்டுவிட்டார்கள். அந்த அடிதடியில் தோற்றுப்போனவர்களில் இரண்டு பேர் கோலாலம்பூரில் வணிகவியல் படிக்கும் நண்பர்கள். பெயர் வேண்டாம். ஒருவன் ஆறடிக்கு மேல், அதனால் நெட்டை. இன்னொருவன் கண்ணாடி. க்ளாஸில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டிக்கெட் போடுகிற வேலை நெட்டையுடையது. அவன் போய்ப் பார்த்தபோது எல்லாம் காலி. "பரவால்லடா, ஹாட்யாய் போயிருவோம், அங்கேருந்து மூணாம் வகுப்பு கெடைக்கும்" என்றான். கண்ணாடிக்கு வேறு யோசனை. "ஹாட்யாய்லேருந்து ஏசி பஸ் இருக்குலா. சாய்ஞ்சு தூங்கலாம். காலைல பேங்காக்." நெட்டை ஒத்துக்கொள்ளவே இல்லை. பஸ் வேண்டாம், பிளைட் வேண்டாம், ரயில்தான். ஏன் என்று கேட்டதற்கு "ஒரு அனுபவம்டா" என்று மட்டும் சொன்னான். இந்த 'அனுபவம்' என்ற வார்த்தையைச் சொல்லி எத்தனையோ பேரை எத்தனையோ பேர் குழியில் தள்ளியிருக்கிறார்கள்.

*

2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்து போகிற வெளிநாட்டுக்காரர்கள் முன்கூட்டியே போனில் ஒரு டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கண்ணாடி அதை மூன்று நாள் முன்னாலேயே முடித்து, பிரிண்ட் வேறு எடுத்து வைத்திருந்தான். பேங்காக்கில் ரூம் போட்டாயிற்று. எந்தக் கடையில் என்ன வாங்குவது என்று எக்ஸெல் ஷீட் தயார். நெட்டையின் ஏற்பாடு ஒரு முதுகுப் பை, அதற்குள் ஈரத் துணியில் சுற்றி நியூஸ்பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம். அவ்வளவுதான்.

பாடாங் பெசாரிலிருந்து ஹாட்யாய்க்குக் குட்டி ரயில் ஒன்று போகிறது. ஒரு மணி நேரம். அதுவரை எல்லாம் சிரிப்பும் செல்பியும்தான். ஹாட்யாயில் கண்ணாடி பப்பாளிக்காய் சாலட் சாப்பிட்டான். பச்சை மிளகாயை இடித்துப் போட்டது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

சாயங்காலம் வண்டி வந்தது. மூன்றாம் வகுப்பு தெரியாதவர்களுக்கு: இரண்டு பேர் சீட், எதிரே இன்னொரு இரண்டு பேர் சீட், நடுவில் முழங்காலும் முழங்காலும் இடிக்கும். முதுகுப் பக்கம் நேராக நிற்கும், சாயாது. மேலே காற்றாடி சுற்றும். ஜன்னலுக்கு இழுத்து மூடுகிற தகரப் பலகை. ட்யூப் லைட் ராத்திரி முழுக்க எரியும். ஹாட்யாயிலிருந்து பேங்காக் 900 கிலோமீட்டருக்கு மேல்.

எதிர் சீட்டில் ஒரு தாய்லாந்துக் கிழவி, அவர் காலடியில் ஒரு சாக்கு மூட்டை. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு ராணுவக்காரர். தெற்குப் பக்கத்து ரயில்களில் பாதுகாப்புக்கு அப்படி வருவதுண்டு. அவர் வண்டி கிளம்பின ஐந்தாவது நிமிஷம் தூங்கிப்போனார். பொறாமையாக இருந்தது என்றான் கண்ணாடி.

ஏழு மணிக்கு மேல் மழை. ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் குளியல். கொசு இரண்டுக்கும் கவலைப்படவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடையோடு ஆட்கள் ஏறினார்கள். சுட்ட கோழி, ஒட்டரிசிச் சோறு, அவித்த முட்டை, பிளாஸ்டிக் பையில் கட்டின ஐஸ் காபி என்று ராத்திரி ஒரு மணி வரை குரல் ஓயவில்லை. நெட்டைக்குக் கால் வைக்க இடமில்லை. நடைபாதையில் நீட்டினால் கூடைக்காரர்கள் மிதித்தார்கள், மடக்கினால் கிழவியின் சாக்கு இடித்தது.

பத்து மணிக்குப் பப்பாளி வேலையைக் காட்டியது. ஓடுகிற ரயிலில், குந்துகிற கழிவறையில், தாழ்ப்பாள் சரியாக விழாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம். நாலு தடவை போய் வந்தான். நாலாவது தடவை திரும்பி வந்தபோது அவன் சீட்டில் ஈரமாக ஏதோ கசிந்திருந்தது. நெட்டையின் பையிலிருந்த பொட்டலம்.

"என்னடா இந்தக் குப்பை" என்று எடுத்தான். ஜன்னல் பக்கம் கையை நீட்டினான்.

நெட்டை அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கின வேகத்தில் கண்ணாடி கீழே விழுந்து சாக்குக்கு அடியில் போய்விட்டது. ராணுவக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். பொட்டலம் பிரிந்து கிடந்தது. பத்திருபது வெற்றிலை, கொஞ்சம் கொட்டைப்பாக்கு.

மூன்று வருஷத்து நட்பில் சொல்லாததையெல்லாம் அடுத்த பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொண்டார்கள். டிக்கெட் போடாமல் தூங்கினது, பஸ் வேண்டாம் என்றது, முதல் வருஷம் கடன் வாங்கின 50 வெள்ளி, அசைன்மெண்ட்டில் பேர் மட்டும் போட்டது. கடைசியில் கண்ணாடி, "காஞ்ச வெத்தலைக்கு இருக்குற மரியாதை எனக்கு இல்லல்ல?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டான்.

கிழவி குனிந்து வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு தடவை முகர்ந்து பார்த்து, அடுக்கி, நெட்டை கையில் கொடுத்தார். அவருக்கும் அது என்னவென்று தெரியும். அந்த ஊரிலும் பழைய ஆட்கள் வெற்றிலை போடுகிறவர்கள்தான்.

*

ராத்திரி மூன்று மணி வாக்கில், சும்போன் தாண்டி, கண்ணாடி திரும்பி வந்தான். கையில் இரண்டு கப் நூடுல்ஸ். மன்னிப்பு எல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. பையன்கள் கேட்க மாட்டார்கள். இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவில் கதவோரமாக நின்று சாப்பிட்டார்கள். அப்போதுதான் நெட்டை சொன்னான்.

"பாட்டியோட அப்பா இந்த லைன்லதான்டா போனாரு. 1943-ல. திரும்பி வரல."

பாட்டிக்கு அப்போது ஐந்து வயது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா வெற்றிலை போடுவார், அந்த வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பார். முகம் ஞாபகம் இல்லை. செத்த தேதி தெரியாததால் வீட்டில் ஆடி அமாவாசை அன்றுதான் சாமி கும்பிடுவார்கள். பாட்டிக்கு இப்போது எண்பத்தேழு. "நீ காலேஜ் பிள்ளை, ஊரெல்லாம் சுத்துற. அங்க போயி எங்கப்பாவுக்கு ஒரு வெத்தலை பாக்கு வெச்சிட்டு வாய்யா" என்று கேட்டிருக்கிறார். பஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம் அதுதான். அவர் போன பாதையில் போக வேண்டும் என்று நெட்டைக்கு ஆசை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா சிரிப்பீங்கடா எல்லாரும்."

கண்ணாடி இதற்குப் பதில் சொல்லவில்லை. சிரித்திருப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

*

மலேசியாவில் தமிழ்க் குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒருவராவது இருப்பார். ஆனால் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி அதிகம் படித்தவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விவரம்.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் அனுப்பத் தரைவழி தேவைப்பட்டது. கடல் வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தன. எனவே சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காடு, மலை, ஆறு. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். தண்டவாளத்துக்குக்கூட மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

வேலை செய்தவர்களில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் போர்க்கைதிகள். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இதைப் போல மூன்று மடங்குக்கு மேல். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் வாக்கில், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

முதலில் ஆசை காட்டித்தான் கூப்பிட்டார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலை இல்லாத நேரம். அரிசிக்குப் பஞ்சம். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராமல் போகவே ஆள் கிடைப்பது நின்றது. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் என்று சொல்லிக் கூட்டம் சேர்த்து, கதவைப் பூட்டி, அப்படியே ரயிலுக்கு ஏற்றின கதைகளும் பதிவாகியிருக்கின்றன.

ஏற்றியது சரக்கு வேகனில். சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோன போர்க்கைதிகள் எழுதியது நிறைய இருக்கிறது: அரிசி மூட்டை ஏற்றுகிற இரும்பு வேகன், ஒன்றில் முப்பது பேர் வாக்கில், நாலைந்து நாள். படுக்க இடமில்லாததால் முறை வைத்து உட்கார்ந்தார்கள். பகலில் இரும்பு கொதிக்கும், ராத்திரியில் குளிரும். வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்குக் கழிவறை கிடையாது, திறந்திருக்கிற கதவுதான். பெரும்பாலானவர்கள் பாடாங் பெசார் தாண்டி, ஹாட்யாய் தாண்டி, இதே ஒரு மீட்டர் பாதையில் வந்து, பான் போங்கில் இறக்கப்பட்டார்கள். அங்கிருந்து பலரைக் காட்டுக்குள் நடத்தியே கொண்டுபோனார்கள்.

1943 மே மாதம் மழையோடு காலரா வந்தது. கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அது எதுவும் இல்லை. கூலியாகக் கொடுத்த ஜப்பானியக் காசு, வாழைமரப் படம் போட்டது, 1945-இல் வெறும் காகிதமாகிவிட்டது.

*

காலையில் பான் போங் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடிக்கு ஒரு சிக்கல். அவனுடைய டிக்கெட் பேங்காக் வரை. ரூமுக்குப் பணம் கட்டியாயிற்று, திரும்பக் கிடைக்காது. வயிறு சரியில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நெட்டை, "நீ போடா, நான் நாளைக்கு வந்து சேர்ந்துக்கறேன்" என்றான். நிஜமாகவே சொன்னான்.

வண்டி நின்றது. கிழவி நெட்டையின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார், புரியவில்லை. நெட்டை இறங்கி, பிளாட்பாரத்தில் பையைச் சரி செய்துகொண்டு திரும்பினால் கண்ணாடி பின்னால் நிற்கிறான். "அந்த ரூம்ல ஏசி சரியில்லன்னு ரிவ்யூ போட்டிருக்கான்லா" என்றான்.

இறங்கணுமா வேண்டாமா என்று யோசிக்க அவனுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அந்த ஸ்டேஷனில் 1943-இல் இறங்கினவர்களை யாரும் கேட்கவில்லை. முதுகு வலி, கொசு, ஈரம், வயிறு என்று அவன் ராத்திரி முழுக்கப் புலம்பினது பொய்யில்லை. அந்த ராத்திரி மோசமான ராத்திரிதான். ஆனால் அவன் சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது, அதில் போகிற ஊர் எழுதியிருந்தது, கோபம் வந்தால் எழுந்து போக வேறு பெட்டி இருந்தது.

பான் போங்கிலிருந்து காஞ்சனபுரிக்கு வேனில் ஒரு மணி நேரம் போல. ஊர் நடுவில் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாக. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. 21, 22, 24. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அந்த வயதுகளையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இவர்கள் வயதுதான். தோட்டத்துத் தமிழன் ஒருவனின் பெயர் இங்கே இல்லை. அது ராணுவத்தாருக்கான கல்லறை. கைதிகளின் அதிகாரிகள் ரகசியமாகப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் 1945-இல் ஒரு குழு பாதை நெடுக நடந்து குழிகளைத் தேடி எடுத்தது. தொழிலாளர்களுக்கு யாரும் பட்டியல் எழுதவில்லை. எழுதாததால் தேடவும் இல்லை.

கணக்குப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும். பிரிட்டன் 1946-இல் இந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியை தாய்லாந்துக்கு விற்றது, 12,50,000 பவுண்டுக்கு. 2000-ஆம் வருஷம் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்த தன்னுடைய முன்னாள் கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுண்ட் கொடுப்பதாக அறிவித்தது. கொடுக்க வேண்டியதுதான், அதில் குறையே இல்லை. ஆனால் முதல் வருஷப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள், ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும் என்று. இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் காலியாகவே கிடக்கிறது. பெயர் இல்லாதவனுக்கு எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது. பாட்டிக்கு யாரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை, தேதியாவது தெரியட்டும் என்று.

2023-இல் காஞ்சனபுரியில் ஒரு புத்த கோவிலில், இறந்துபோன தமிழர்கள் நினைவாக நடுகல் ஒன்று வைத்திருக்கிறார்கள். எண்பது வருஷம் கழித்து. நெட்டை வாடிப்போன வெற்றிலையைப் பிரித்து, நல்லதாக ஐந்து எடுத்து, பாக்கோடு வைத்தான். கற்பூரம் கொண்டு வர மறந்திருந்தான். கண்ணாடி போய்க் கோவில் வாசலில் ஊதுபத்தி வாங்கி வந்தான். அவனுக்கும் 'சயாமுக்குப் போனவர்' யாராவது உண்டா என்று நெட்டை கேட்டான். தெரியாது, வீட்டில் கேட்டதே இல்லை என்றான். மறுநாள் அம்மாவுக்கு போன் செய்து கேட்டான். அம்மாவுடைய பெரிய தாத்தா ஒருவர் போயிருக்கிறார். அவர் பெயரை அவன் போனில் எழுதி வைத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பெயர், தோட்டம், எந்த வருஷம் போனார், யாரோடு போனார். தெரிந்தவர்கள் எல்லாரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் சில வருஷத்தில் கேட்க ஆள் இருக்காது.

திரும்பி வந்து நெட்டை பாட்டியிடம் படமெல்லாம் காட்டினான். ஆற்றுப் பாலம், கல்லறை, நடுகல், வெற்றிலை. பாட்டி எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரயிலுல குந்த எடம் கெடச்சுதாய்யா?"

"கெடச்சுது பாட்டி" என்றான். "ஜன்னல் பக்கமே கெடச்சுது."